மதிற்கல்லும் அணைக்கல்லும்



ஐப்பசிப் பௌர்ணமியாகிய இந்நன்னாளில் கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருவுடையாரை அன்னத் திருக்கோலத்தில் கண்குளிரக் கண்டோம். 13 அடி உயரத் திருமேனி முழுதும் சோறாகவே விளங்க நின்ற காட்சியைக் கண்டபின், அச்சோறு எந்த நீரில் விளைந்தது என்று சிறிது சிந்திப்பது தகும்.

இன்று இஃது ஒரு சிற்றூர். அன்றோ சோழப் பேரரசின் தலைநகர். 1012 முதல் 1044 வரை ஆண்ட முதலாம் இராசேந்திரன், தன் படை கங்கைவரை சென்று மீண்டதன் நினைவாக இந்நகரை அமைத்தான். இங்கே அவன் வெட்டிய சோழகங்கம் என்னும் ஏரியை நீராலான வெற்றித்தூணாகவே திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகிறது. ஏறத்தாழ 16 மைல் நீண்ட கரை. கொள்ளிடத்திலிருந்தும் வெள்ளாற்றிலிருந்தும் அதற்குக் கால்வாய்கள் வந்தன. வென்றவர்கள் கல்லில் தூண் நடுவார்கள். இவன் நீரில் நட்டான். அந்த ஏரியும் தூர்ந்தது, நகரும் அழிந்தது; கோயில் மட்டும் நின்றது.

காவிரியைவிடக் கொள்ளிடம் தாழ்ந்து செல்வது. ஆதலால் வெள்ளம் அதன்வழியே வீணே கடலுக்கு ஓடியது. அதைத் தடுக்கக் கும்பினி ஆட்சியில் ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் கட்டுவித்தார். கீழணை நீர் வடவாற்றின் வழியே வீராணம் ஏரியை அடைகிறது; காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்து வயல்கள் அதனால் விளைகின்றன. அணை கட்டியது தவறு என்று சோறுண்ணும் எவரும் சொல்லார், நாமும் சொல்லவில்லை.

ஆனால் அணைக்குக் கல் வேண்டியிருந்தது. வண்டல் நிலத்தில் கல் ஏது? இராசேந்திரன் தொலைவிலிருந்து கொணர்ந்து அடுக்கிய திருமதில் அருகிலேயே இருந்தது. அதைப் பெயர்த்து எடுத்துச் சென்றார்கள். ஊர் மக்கள் இயன்றமட்டும் தடுத்தனர், பயன் என்ன? ஆணையை மதியாதவர்கள் என்று தண்டனைதான் கிடைத்தது. கல் மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்னார்களாம். அச்சொல் நிறைவேறவில்லை என்று 1855-இல் வெளிவந்த ஓர் ஆங்கிலக் குறிப்பே வருந்தி எழுதுகிறது. தடுத்து நின்றவர்களின் பெயரை அக்குறிப்பு சொல்லவில்லை. அவர்களும் உழவர்களாகவே இருந்திருப்பார்கள். அணை நீரின் அருமை அவர்களுக்குத் தெரியாததா? வயலுக்கு நீர் வேண்டும், இறைவனுக்கு மதிலும் வேண்டும் என்றுதானே நின்றிருப்பார்கள்!

பழியைப் பிறர்மேல் மட்டும் சுமத்திவிட நமக்கு உரிமையில்லை. கோயிலுக்குத் தென்மேற்கே மாளிகைமேட்டில் சோழர் அரண்மனை மண்ணுள் கிடந்தது. அதன் செங்கற்களைத் தோண்டி வீடு கட்டிக்கொண்டவர்கள் வெள்ளையர் அல்லர், நம்மவர்களே. 1980-களில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது எஞ்சியிருந்த சுவரடிகளைத்தான் கண்டனர். 2004-இல் இக்கோயில் உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்தது. 2017-இல் குடமுழுக்கும் கண்டது. மகிழ்ச்சிதான். எனினும் உலகம் போற்றும் கோயிலின் அருகில் உள்ளூரார் கடப்பாரையை எடுத்தால் எந்தப் பட்டியல் காக்கும்?

வடக்கு வாயிற்படியருகே சண்டேச அனுக்கிரக மூர்த்தியைக் காணாமல் எவரும் திரும்பாதீர்கள். அம்மையோடு அமர்ந்த பெருமான், பணிந்திருக்கும் சண்டேசர் தலையில் தம் கையாலேயே கொன்றைமாலையைச் சுற்றுகிறார். மண்ணியாற்றங்கரையில் மணலால் இலிங்கம் அமைத்து, ஆநிரையின் பாலைச் சொரிந்த சிறுவர் அவர். சிவன் சொத்துக்கெல்லாம் காவலர். அதனாலன்றோ அவர் சந்நிதியில் இரு கையையும் விரித்துத் தட்டி, "எதுவும் எடுத்துச் செல்லவில்லை" என்று காட்டி வருகிறோம்!

அன்னப் பிரசாதம் வழங்கத் தொடங்குவார்கள். பெற்றுக்கொண்டு, மதில் நின்ற இடத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பிறகு சண்டேசரிடம் கை தட்டுங்கள்.

திருச்சிற்றம்பலம்.