எந்தத் தெருவைக் கூட்டப் போகிறீர்கள்?

(கல்லூரி ஒன்றின் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில், இரண்டாம் நாள் மாலை பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடுமானவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



பேராசிரியர் என்னைக் கவிஞர் என்று அறிமுகப்படுத்தினார். நான் ஒரு வங்கியில் எழுத்தர். பணம் எண்ணுகிற வேலை, கடன் கோப்புகளைப் புரட்டுகிற வேலை. கவிதை ஞாயிற்றுக்கிழமையில் எழுதறது. அதனால் இன்னிக்குப் பேசறதில் பாதி கவுண்டர்க்காரன் பேச்சாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க. 'இளைஞர்களும் சேவையும்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். சேவை என்றாலே எனக்குத் துடைப்பம்தான் ஞாபகத்துக்கு வரும். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2007இல் நான் இரண்டாம் வருஷம் பி.காம். உங்களை மாதிரியே ஏழு நாள் முகாம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கினோம், ஐம்பது பேர். முதல் நாள் ஊர்வலம். இரண்டாம் நாள் மாரியம்மன் கோயில் வளாகத்தில் புல் செதுக்கினோம். அந்த ஊர்க் காலனி சனங்க அந்தக் கோயில் படியை மிதித்ததே இல்லை. நானும் காலனிக்காரன்தான், வேற ஊர்க் காலனி. பனியனில் என்.எஸ்.எஸ். என்று போட்டிருந்ததால் எந்தக் கேள்வியும் இல்லாமல் உள்ளே போய், புல் செதுக்கி, பொங்கலும் வாங்கித் தின்னுட்டு வந்தேன். பனியன் செய்த புரட்சி அது.

மூன்றாம் நாள் வேலைத் திட்டத்தில் 'காலனியில் தூய்மைப் பணி' என்று இருந்தது. ஆளுக்கொரு தென்னந்துடைப்பம் கொடுத்தார்கள். போய்ப் பார்த்தால் தெரு ஏற்கெனவே பெருக்கி, வாசலில் சாணி தெளித்துக் கிடக்கிறது. பெருக்கின தெருவை மறுபடியும் பெருக்கினோம். ஒரு வீட்டு வாசலில் ஒரு ஆயா உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாங்க.

"எந்த ஊருப்பா நீ?"

சொன்னேன்.

"அந்த ஊர்ல எங்க?"

இந்த 'எங்க' என்கிற கேள்வி எதுக்கென்று உங்களில் சில பேருக்குத் தெரியும். தெரியாதவங்க அதிர்ஷ்டசாலிங்க. பக்கத்தில் என் வகுப்புப் பையன்கள் நிக்கறாங்க. ரெண்டு வருஷமா ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவங்க. ஆனா நான் எந்தத் தெரு என்று அவங்களுக்குச் சொன்னதில்லை. "பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆயா" என்றேன்.

அவங்க விடல. "உங்க ஆயா பேரு என்னா?" என்று கேட்டாங்க. சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் என் மூஞ்சியையே பார்த்தாங்க. எழுந்து வந்து என் கையிலிருந்த துடைப்பத்தைப் புடுங்கிக்கிட்டு, மெதுவா, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி, "படிக்கப் போனவன் கையிலயும் இதையே குடுத்து அனுப்புறானுங்களா?" என்றாங்க. பையன்கள் சிரிச்சாங்க. பாட்டி உன்னை வேலை செய்ய உடமாட்டேங்குதுடா என்று கிண்டல் பண்ணாங்க. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். அந்தச் சிரிப்பைப் பற்றி இதுவரைக்கும் நான் கவிதை எழுதல. எழுத வரல.

அன்னைக்கு மத்தியானம் காலனி இளைஞர்கள் நாலு பேர் எங்கள் அதிகாரியிடம் வந்தார்கள். தார் ரோட்டிலிருந்து அவங்க சுடுகாட்டுக்கு முந்நூறு அடி தூரம். பாதை கிடையாது. ஊர்க்காரர்கள் நிலத்து வரப்பு மேல்தான் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகணும். நடவு நட்டிருந்தால் வரப்பிலும் விடமாட்டார்கள். முந்தின கார்த்திகை மழையில் பாடை தூக்கினவன் சேற்றில் வழுக்கி, பிணம் வயலில் விழுந்திருக்கிறது. "அம்பது பேரு இருக்கீங்க சார். மம்புட்டி இருக்கு. வரப்ப கொஞ்சம் அகலப்படுத்திக் குடுங்க, நாங்களும் வர்றோம்" என்று கேட்டார்கள். அதிகாரி நல்ல மனுஷர், சத்தியமா நல்ல மனுஷர். "தம்பி, அது பிரச்சினைக்குரிய விஷயம். நாங்க சேவை செய்ய வந்திருக்கோம்" என்றார்.

மறுநாள் மரக்கன்று நட்டோம். முகாம் அறிக்கையில் 'காலனி மக்களிடையே சுகாதார விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட்டது' என்று எழுதினார்கள். எழுதினது நான்தான், கையெழுத்து நல்லா இருக்கும் என்று என்னிடம் கொடுத்தார்கள். முகாம் சான்றிதழை வங்கி நேர்காணலுக்குக் கோப்பில் வைத்து எடுத்துக்கொண்டும் போனேன்.

இந்தத் திட்டம் 1969 செப்டம்பர் 24இல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. 'நான் அல்ல, நீ' என்பது அதன் குறிக்கோள். இங்கிலீஷில் அந்தச் சொல் மரியாதையாத்தான் இருக்கு. தமிழில் 'நீ' என்று வரும்போதுதான் எனக்கு உறுத்துது. எங்க தாத்தாவை ஊர்த்தெருச் சின்னப்பையன் கூப்பிட்டதும் அதே 'நீ'தான்.

இது நம்ம ஊர்ச் சங்கதி மட்டும்னு நினைச்சுட்டு இருந்தேன். அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு வழக்கம் இருப்பதைப் பிறகுதான் படித்தேன். அங்கே மார்ச் மாதவாக்கில் கல்லூரிகளுக்கு ஒரு வாரம் வசந்தகால விடுமுறை. வசதியுள்ள பிள்ளைகள் புளோரிடா கடற்கரைக்குப் போய்க் குடித்துக் கூத்தடிப்பது பழக்கம். அதுக்கு மாற்றாக, பத்துப் பன்னிரண்டு பேர் குழுவாகச் சேர்ந்து ஏழைகள் வசிக்கிற பகுதிக்குப் போய் வீடு கட்டுவது, சாப்பாடு போடுவது என்று ஒரு வாரம் வேலை செய்கிற வழக்கம் வளர்ந்தது. 'மாற்று வசந்த விடுமுறை' என்று பெயர். 1991இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஒரு அமைப்பே தொடங்கினார்கள். கடற்கரையில் கிடப்பதற்கு இது எவ்வளவோ மேல். நான் கேலி பண்ணல.

2005 ஆகஸ்ட் 29இல் கத்ரீனா புயல். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணியில் மூழ்கியது. கால்வாய்ச் சுவர் உடைந்து அடியோடு போனது 'லோயர் நைன்த் வார்டு' என்கிற பகுதி. ஏறக்குறைய முழுக்கக் கறுப்பர்கள். ஏழைகள்தான், ஆனால் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள், அப்பன் பாட்டன் கட்டின வீடு. அடுத்த மார்ச்சில், 2006இல், ஆயிரக்கணக்கான மாணவர்கள் வசந்த விடுமுறைக்கு அங்கே போய் இறங்கினார்கள். வெள்ளை உறை மாட்டி, முகமூடி போட்டு, பூஞ்சணம் பிடித்த சுவர்ப் பலகைகளை உடைத்து, சேற்றை அள்ளி, மாதக்கணக்கில் மூடிக் கிடந்த குளிர்சாதனப் பெட்டிகளை நாற்றத்தோடு வெளியே இழுத்துப் போட்டார்கள். பெரும்பாலும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். அந்த உழைப்பைச் சின்னதாகப் பேச எனக்கு வாய் வராது.

அவர்களில் நிறையப் பேரை வேலைக்கு இறக்கிய 'காமன் கிரவுண்ட்' அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் மாலிக் ரஹீம். அந்த நகரத்துக்காரர், பழைய கருஞ்சிறுத்தை. 1972இல் பம்பாயில் நம்ம தோழர்கள் தலித் சிறுத்தைகள் என்று பேர் வைத்தது அந்த இயக்கத்தைப் பார்த்துத்தானே. அந்த உறவில்தான் இந்த மனுஷனைத் தேடிப் படித்தேன். 'தருமம் வேண்டாம், தோழமை வேண்டும்' என்பது அந்த அமைப்பின் முழக்கம். அந்தப் பகுதி மக்களுக்கு முதலில் வேண்டியிருந்தது பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் இல்லாமல் பிள்ளைக்காரங்க எப்படித் திரும்பி வருவாங்க? மார்ட்டின் லூதர் கிங் பேரில் அங்கே ஒரு பள்ளி சேறு நிறைந்து கிடந்தது. அதிகாரிகள் சம்மதிக்கவில்லை. 2006 மார்ச்சில் தொண்டர்களும் ஊர் மக்களும் அனுமதியில்லாமலே உள்ளே இறங்கிச் சேற்றை வாரினார்கள். போலீஸ் வந்தது. 2007இல் அந்தப் பள்ளி அதே இடத்தில் மறுபடியும் திறந்தது.

இதைப் படித்த அன்னைக்கு எனக்கு அந்த முந்நூறு அடி வரப்பு ஞாபகம் வந்துவிட்டது. ராத்திரி தூங்கல.

ஆனா கதை அதோடு முடியல. மாணவர்கள் சுத்தம் பண்ணின வீடுகள் என்ன ஆச்சு? வீட்டைத் திரும்பக் கட்ட அரசாங்கம் 'ரோடு ஹோம்' என்று ஒரு உதவித் திட்டம் போட்டது. புயலுக்கு முன்னால் அந்த வீட்டுக்கு இருந்த சந்தை மதிப்பு, அல்லது திரும்பக் கட்ட ஆகிற செலவு, இரண்டில் எது குறைவோ அதை வைத்துக் கணக்குப் போட்டார்கள். கறுப்பர் தெருவில் வீட்டுக்குச் சந்தை மதிப்பு குறைவு. மரமும் ஆணியும் கூலியும் எல்லாத் தெருவுக்கும் ஒரே விலை. ஆகவே ஒரே அளவு வீடு, ஒரே அளவு சேதம், வெள்ளையனுக்கு வந்த பணத்தில் வீடு எழும்பும், கறுப்பனுக்கு வந்ததில் பாதிச் சுவர்தான் எழும்பும். 2008இல் வழக்குப் போட்டார்கள். 2011இல் 6.2 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அதற்குள் எத்தனையோ பேர் வேற ஊரோடு போய்விட்டார்கள். லோயர் நைன்த் வார்டில் இன்றைக்கும் புல் முளைத்த காலி மனைகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் சுத்தம் பண்ணிக் கொடுத்த வீடுகளும் அதில் இருந்திருக்கும்.

சந்தை மதிப்பு என்ற இந்த வார்த்தை என் மேசைக்குத் தினமும் வருது. வீட்டுக் கடன் கோப்பில் மதிப்பீட்டாளர் அறிக்கை என்று ஒன்று இருக்கும். நடுவில் ஒரு ரோடு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஊர்த்தெரு, அந்தப் பக்கம் காலனி. ஒரே மண், ஒரே கரண்டுக் கம்பி. ஒரு சென்ட் விலை மட்டும் ரோட்டைத் தாண்டும்போது பாதியாக இறங்கும். ஒரு தடவை ஒரு மதிப்பீட்டாளரைக் கேட்டேவிட்டேன், என்ன சார் இது என்று. "அந்தப் பக்கம் யாரு சார் வாங்குவா? மார்க்கெட் ரேட்டு அதான்" என்றார். சாதி என்ற சொல் அறிக்கையில் எங்கேயும் கிடையாது. கொல்லத்துக்காரருக்குக் கொடுக்கிற அதே கூலியைக் கொடுத்துத்தான் காலனிக்காரனும் வீடு கட்டறான், கடன் மட்டும் பாதி. அந்தக் கோப்பில் முத்திரை குத்துவது நான்தான். இதையும் சொல்லித்தான் ஆகணும்.

முகாமே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. உங்களுக்கு ஏழு நாள் இருக்கு, ஐம்பது பேர் இருக்கீங்க, எல்லாருக்கும் எழுதப் படிக்கத் தெரியும். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடமும் 'அ' பதிவேடும் இருக்கும். அதில் வண்டிப்பாதை என்று கோடு போட்டிருக்கிற இடம் இன்னைக்கு யார் வயலுக்குள் இருக்கிறது என்று ஒரு டேப்பைப் பிடித்து அளந்து பார்க்க வரலாறு மாணவனாலும் முடியும். காட்ட மறுத்தால் 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கு, மனுவில் ஒட்டப் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை போதும். இதெல்லாம் சேவைக் கணக்கில் வருமா என்று தெரியல. வருஷத்துக்கு 120 மணி நேரக் கணக்கில் எழுதிக்கலாமான்னு உங்க அதிகாரிதான் சொல்லணும்.

இங்க வர்றதுக்கு முன்னால் இந்த ஊர்க் காலனிக்குப் போய் ஒரு டீ குடிச்சுட்டுத்தான் வந்தேன். "காலேஜ் பசங்க வந்தாங்களா, என்ன கேட்டாங்க?" என்று ஒரு அக்காவிடம் விசாரித்தேன். "ஒண்ணும் கேக்கலப்பா, நல்ல புள்ளைங்க, போட்டோ எடுத்துக்கிட்டாங்க" என்றாங்க. உங்களிடம் சொல்ல அவங்களுக்கு நாலு விஷயம் இருக்கு. அதை நான் இங்கே சொல்லமாட்டேன், நீங்களே போய்க் கேளுங்க.

வெளியே பலகையில் நாளைக்கான வேலைத் திட்டம் எழுதியிருக்கிறீர்கள். பார்த்தேன். 'காலை 6.30, தெரு கூட்டுதல்'. எந்தத் தெரு என்று போடவில்லை. பேராசிரியர் இங்கதான் உட்கார்ந்திருக்கார், கேட்டுட்டு எழுதிடுங்க.