துவைக்கும் இடம் குளிக்கும் இடமாகலாம்



தோட்டத்து லயன்களில் குளிக்கவும் துவைக்கவும் நமக்கு ஒரே பைப்படிதான் இருந்தது. நம் பெண்கள் கைலியை மார்பில் கட்டிக்கொண்டு, ஆள் நடமாட்டம் பார்த்துப் பார்த்துக் குளித்தார்கள். இன்று நம்மில் பலர் தாமான் வீடுகளில் வாழ்கிறோம். ஜொகூர் பாருவுக்குக் கிழக்கே பெர்மாஸ் ஜெயாவிலும் இரண்டு மாடி வரிசை வீடுகள் உண்டு. ஆனால் முழங்கால் வலியுள்ள பாட்டிக்கு மாடிக் குளியலறை எப்படி உதவும்? சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் இடத்தையே அவருக்குக் குளியலறை ஆக்கித் தரலாம். அங்கே தண்ணீர்க் குழாயும், தரையில் நீர் வெளியேறும் துவாரமும் முன்பே இருக்கின்றன.

அப்படியானால் ஒரு திரையைத் தொங்கவிட்டால் போதுமா? போதாது. முதலில் மின்சாரத்தைக் கவனிப்போம். துவைக்கும் இயந்திரத்தின் மின்செருகி அந்தச் சுவரில்தான் இருக்கும். நனைந்த உடம்போடு நிற்பவர் கைக்கு அது எட்டவே கூடாது. அதை வேறு இடத்துக்கு மாற்றிய பிறகே மற்ற வேலை.

சுடுநீர்க் கருவி வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கம்பி இழுக்க வேண்டும். 3,600 வாட் கருவி 15 ஆம்பியருக்குக் குறையாமல் மின்சாரம் இழுக்கும். சாதாரணச் செருகி தாங்குவது 13 ஆம்பியர்தான். மின்கசிவைத் துண்டிக்கும் கருவியும் வேண்டும். ஈரத் தரையுள்ள இடத்துக்கு 10 மில்லி ஆம்பியர் அளவு வேண்டும் என்பது 1994ஆம் ஆண்டு மின்சார விதி. இதைப் பதிவுபெற்ற மின்பணியாளரே செய்யட்டும். மாதம் ஒரு முறை அதன் சோதனைப் பொத்தானை நாமே அழுத்திப் பார்ப்போம்.

அடுத்தது தண்ணீர். துவைக்கும்போது தரைதான் நனையும். குளிக்கும்போது சுவரும் நனையும். ஆகவே ஆறடி உயரம்வரை நீர்க்காப்புப் பூச வேண்டும். ஒரு மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் வீதம் தரை துவாரத்தை நோக்கிச் சரிய வேண்டும். ஓடு பதிக்குமுன் துவாரத்தை அடைத்து, ஒரு நாள் முழுதும் தண்ணீர் தேக்கி, கசிவு உண்டா என்று பார்ப்பது நல்லது. பிறகு உடைத்துச் சரிசெய்ய இரட்டைச் செலவாகும். நீர் தேங்கி நின்றால் வழுக்கும், கொசுவும் வரும்.

பாட்டிக்காகச் செய்யும்போது இன்னும் மூன்று காரியங்கள் உண்டு. ஓடு சொரசொரப்பாக இருக்கட்டும். கைப்பிடிக் கம்பியைச் செங்கல் சுவரில் திருகி இறுக்குங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவு அவர் மேலேயே இடித்து நிற்கும்.

சுவர் இடிப்பது, கூரை நீட்டுவது என்றால் ஜொகூர் பாரு மாநகர் மன்றத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பைப்படியில் கூச்சத்தோடு குளித்து நம்மை வளர்த்தவர்கள், முதுமையிலாவது கதவைச் சாத்திக்கொண்டு, அச்சமின்றிக் குளிக்கட்டும்.