நம் மாணவிகளைப் பற்றிய ஆய்வை நாம் படிக்க முடிகிறதா?

(ஒன்றிய அளவிலான ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஆள் எடுப்பவர்கள் நம் ஊர்களுக்கு வந்துவிடுவது உங்களுக்குத் தெரியும். போன வருடம் ஒரு மாணவியின் அம்மா என்னிடம் கேட்டார்: "டீச்சர், பொண்ணுங்களத்தான் வேணும்ங்கறாங்க. மூணு வருஷம் கழிச்சு இவ என்ன பண்ணுவா?"

"பெண்களுக்கு நுணுக்கமான கை, அதனால்தான் கேட்கிறார்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் கேட்டதற்கு அது பதிலே இல்லை.

பிறகு தேடினேன். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் சுமார் 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருப்பதாக 2019-20 ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்ற தோழிகளுக்காகப் பெண்கள் சென்னை-பெங்களூரு சாலையை மறித்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. இந்த இடத்தைப் பற்றிப் பாலின ஆய்வாளர்கள் எழுதாமல் இருப்பார்களா? ஒரு கட்டுரையின் தலைப்பைத் தொட்டேன். சுருக்கம் மட்டும் வந்தது. மீதியைப் படிக்க டாலரில் பணம் கேட்டது. பேட்டி கொடுத்தவர்களில் நம்மிடம் படித்தவர்களும் இருந்திருக்கலாம்!

ஆய்வுகளை யாரும் கட்டணமின்றிப் படிக்க வேண்டும் என்று 2002இல் புடாபெஸ்ட் அறிக்கை கேட்டது. அதைத்தான் திறந்த அணுக்கம் என்கிறோம். நம் நாட்டில் 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், சுமார் 13,000 ஆய்விதழ்கள். நல்ல திட்டம்தான். ஆனால் அது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் உரியது. பள்ளி ஆசிரியர் அதில் இல்லை.

நமக்குத் திறந்திருக்கும் கதவு 'ஷோத்கங்கா'. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே கிடைக்கின்றன, காசு வேண்டாம். எல்லாம் தரமானவை என்று சொல்லமாட்டேன், சிலவற்றில் பத்துப் பக்கம் தாண்டுவதே பெரும்பாடு. ஆனால் அங்கே ஓர் ஆய்வேட்டின் முதல் இயலில்தான் டயான் எல்சன், ரூத் பியர்சன் இருவரும் 1981இல் எழுதிய கட்டுரையைப் பற்றி அறிந்தேன். நுணுக்கமான கை பிறவியில் வருவதில்லை என்கிறார்கள் அவர்கள். சிறு வயது முதல் வீட்டில் தையலும் மற்ற வேலைகளும் செய்து பழகிய கை அது. வீட்டில் கற்றதால் அதை யாரும் பயிற்சியாக எண்ணுவதில்லை. திறனற்ற வேலை என்று சொல்லிக் கூலியும் குறைகிறது. விழா என்றால் பெண்களைக் கோலம் போடவும் பையன்களை பெஞ்சு தூக்கவும் சொல்கிற எனக்கு அது சுருக்கென்றது.

இன்னொன்றும் கவனியுங்கள். கட்டுரையின் அடியில் 'சிசி பை' உரிமம் என்றிருந்தால், எழுதியவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டு நாமே தமிழில் மொழிபெயர்த்து வகுப்பில் கொடுக்கலாம், தனியாக அனுமதி வேண்டாம். 'என்டி' என்ற எழுத்துகளும் சேர்ந்திருந்தால் மொழிபெயர்ப்பை வெளியிடக் கூடாது. பூட்டியிருக்கும் கட்டுரைக்கு ஆசிரியரின் மின்னஞ்சலுக்கே எழுதிக் கேளுங்கள். நான் கேட்ட இருவரில் ஒருவர் மறுநாளே அனுப்பினார்.

படித்ததை வைத்து அந்த அம்மாவுக்கு நான்கு கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். வேலை ஒப்பந்தம் யார் பெயரில், எத்தனை மாதத்துக்கு? பி.எஃப். பிடிப்பார்களா? கல்யாணம் ஆனால் வேலை தொடருமா? விடுதியிலிருந்து வெளியே போக யார் அனுமதி வேண்டும்? ஆள் எடுக்க வந்தவரிடம் அவர் நான்கையும் கேட்டிருக்கிறார். இரண்டுக்குத்தான் பதில் கிடைத்ததாம்.