லயத்தில் எஞ்சிய முதிய நாய்



சபரகமுவத் தோட்டங்களில் மனிதர் இடம்பெயர்வது புதிய செய்தியன்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் செய்யப்பெற்ற சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேர் இந்தியாவுக்குச் செல்வதென முடிவாயிற்று. இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளின் லயங்களிலிருந்தும் குடும்பங்கள் தலைமன்னாருக்குப் புறப்பட்டன. மனிதருக்குக் கடவுச்சீட்டு எழுதினார்கள். இஸ்தோப்பில் படுத்திருந்த நாய்க்கு எவர் எழுதினார்? 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்தது. அத்தகைய அபாயச் சரிவுகளை விட்டு மக்கள் அகல நேரும்போதும் இதே நிலைதான். பிள்ளைகள் கொழும்பில் வேலை தேடிக்கொண்டு, முதிய பெற்றோரையும் அழைத்துச் செல்லும் இந்நாளிலும், பத்துப் பன்னிரண்டு வயதான நாய் பூட்டிய காம்பராவின் வாயிலிலேயே எஞ்சுகிறது.

இளம் நாயாயின் அடுத்த லயத்தில் ஒட்டிக்கொள்ளும். முதிய நாய்க்கு அது இயலாது. நேற்றுவரை பெயர் சொல்லி அழைக்கப்பட்ட அதற்கு ஒரே வாரத்தில் "கட்டாக்காலி" என்ற பட்டம் கிடைத்துவிடுகிறது.

தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கத்தை இலங்கை அரசு 2006இல் கைவிட்டு, தடுப்பூசியும் கருத்தடையுமே வழியெனக் கொண்டது. நல்ல முடிவு. ஆயினும் கொல்லாமல் விடுவது வேறு, காப்பது வேறு அன்றோ? இங்கேதான் இடைக்காலப் பராமரிப்பு என்பது தேவைப்படுகிறது. நாயை என்றென்றைக்குமாக ஏற்க வசதியில்லாத ஒருவர், சில வாரமோ சில மாதமோ அதனைத் தேற்றி, தகுந்த வீடொன்றில் சேர்ப்பிப்பதே அது.

ஏற்பவர் முதலில் மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும். விசர்நாய்க்கடி நோயால் இந்நாட்டில் 1973இல் மட்டும் 377 பேர் மாண்டனர். அத்தொகை இன்று பல மடங்கு குறைந்திருப்பதற்கு நாய்களுக்கு இடும் தடுப்பூசி ஒரு முக்கிய காரணம். ஆதலின் ஊசியும் அதற்குரிய அட்டையும் இன்றி நாயைப் பிள்ளைகளுள்ள வீட்டில் வைத்தல் தகாது.

முதுமையை நோயென மயங்குவாரும் உளர், நோயை முதுமையென விட்டுவிடுவாரும் உளர். கண்மணியில் நீலப்புகை படர்ந்தால் அது குருடென்று கொள்ளவேண்டியதில்லை; வயதான நாய்களுக்கு அது இயல்பு. ஆனால் வாய் நாறி, சோற்றை மென்றுவிட்டுக் கீழே போடுமாயின் பல் கெட்டிருக்கிறது. அடிக்கடி நீர் குடித்து மெலியுமாயின் சிறுநீரகத்தைச் சோதிக்கவேண்டும். ஓடைநீர் குடிக்கும் நாயின் மூக்கினுள் அட்டை புகுந்துவிடுவதுண்டு. தும்மலும் ஒரு மூக்கில் இரத்தக் கசிவும் அதன் அறிகுறி. மழை மிகுந்த இம்மாகாணத்தில் அட்டையைப் பற்றி எவருக்கும் சொல்லித்தரவேண்டியதில்லை. ஆனால் மூக்கினுள் பார்க்கத்தான் தோன்றுவதில்லை.

உணவில், கருவாட்டுத் தலையும் வெங்காயக் குழம்பும் கலந்த மிச்சச் சோற்றைத் தவிர்க்கவேண்டும். உப்பு முதிய உடலுக்கு ஆகாது. வெங்காயம் நாய்க்கு நஞ்சு. குழைந்த சோறும் முள் நீக்கிய மீனும் சிறிது சிறிதாக இருவேளை, மூவேளை போதும். மூட்டு வலிக்கிறதே என்று இரங்கி மனிதருக்குரிய வலி மாத்திரையைக் கொடுத்துவிடலாகாது. அந்த இரக்கமே உயிரைக் கொல்லும். சீமெந்துத் தரையில் இரண்டு சாக்கும் ஒரு பழஞ்சேலையும் விரித்தால் வலி பாதி தணியும்.

அருச்சுனன் தபசு ஆடும் தோட்டங்களில் பாரதக் கதை அறியாதார் அரியர். நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுத்த தருமரை மெச்சிவிட்டு, வீட்டு வாயிலில் கிடக்கும் நாயைக் காலால் ஒதுக்குவோரும் அவர்களுள் இருக்கத்தான் செய்கின்றனர்.

இனி, புது வீடு தேடுவது. காவலுக்கு நாய் வேண்டுமென்று வருபவரிடம் முதிய நாயை ஒப்படைப்பது இருவருக்கும் தீங்கு. அது குரைப்பதைவிடத் துயில்வதே அதிகம். ஓய்வுபெற்ற தம்பதியர், பகலில் வீட்டிலிருப்போர், படிகள் குறைந்த வீட்டினர் ஆகியோரே பொருத்தமானவர். குறைகளை மறைத்துக் கொடுத்தல் ஆகாது. "ஐயா, இதற்குக் காது மந்தம், இரவில் ஒருமுறை வெளியே விடவேண்டும், மருந்துச் செலவு உண்டு" என்று முதல்நாளே சொல்லிவிடவேண்டும். அதைக் கேட்டுப் பின்வாங்குபவர் பின்வாங்கட்டும். இரண்டு மாதம் கழித்துத் தெருவில் விடுவதிலும் அது மேல்.

கொண்டுபோய் விட்ட முதற் சில வாரங்களே கடினமானவை. வாயிற்கதவு திறந்திருந்தால் நாய் பழைய லயத்தை நாடி நடக்கத் தொடங்கிவிடும். பெல்மதுளையில் விட்ட நாய் காவத்தை வீதியில் லொறிக்கு இடையே தடுமாறலாம். ஆதலின் கயிறு பிடித்தே உலாவச் செய்து, அதன் பழைய சாக்கையும் சோற்றுக் கோப்பையையும் உடன் அனுப்பவேண்டும். பழகிய மணம் பெயரைக் காட்டிலும் விரைவாக அதனைத் தேற்றும். பராமரித்தவர் அடிக்கடி போய் நிற்பதும் நன்றன்று. பிரிவு மீண்டும் மீண்டும் புதிதாகும். சில வாரங்கள் செய்தி மட்டும் கேட்டறிந்து, நாய் அவ்வீட்டாரின் காலடியோசைக்கு எழுந்து வருகிறது என்று தெரிந்த பின்னர் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். ஒத்துவரவில்லையாயின் எந்நேரமும் திருப்பித் தரலாம் என்ற வாக்கையும், தடுப்பூசி அட்டையோடு சேர்த்து, கொடுக்கும் நாளிலேயே கொடுத்துவிடவேண்டும்.