மொத்தக் கணக்கைக் காட்டுங்கள்



கணினி வந்தால் மாசு போய்விடும் என்று கண்காட்சிக்குக் கண்காட்சி சொல்கிறார்கள். திருப்பூரில் நின்றுகொண்டு அதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியுமா? இந்த ஊரைத் திருத்தியது வழக்கு. நொய்யல் ஆற்றில் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் இந்த ஊர்ப் பட்டறைகளின் சாயக்கழிவு தேங்கியது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியேறக் கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அது நடக்கவில்லை. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

அதன் பிறகுதான் நமக்குத் தண்ணீரின் விலை உறைத்தது. பட்டறையை மறுபடி ஓட்ட வேண்டுமென்றால், கழிவை ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிஞ்சியதை எவாப்பரேட்டரில் காய்ச்சி, உப்பைப் பிரித்தெடுக்க வேண்டும். காய்ச்ச எரிபொருள் வேண்டும், மின்சாரம் வேண்டும். சாயம் போடும்போது குறைவாகத் தண்ணீர் விட்டால் குறைவாகக் காய்ச்சலாம். கணினிக்கு உண்மையான வேலை வந்தது அங்கேதான்.

பழைய வின்ச் மிஷின் கிலோ துணிக்கு, ஒரு முறை நிரப்ப, 20 லிட்டர் தண்ணீர்கூடக் கேட்கும். நல்ல சாஃப்ட் ஃப்ளோ மிஷினுக்கு ஆறேழு லிட்டர் போதும். அடுத்தது ஷேடு. பையர் ஒப்புக்கொண்ட லேப் டிப் மாதிரி ஒரு நிறம், மிஷினிலிருந்து இறங்கிய துணி வேறு நிறம் என்றால் என்ன செய்வோம்? மறுபடி சாயம், மறுபடி உப்பு, மறுபடி ஸ்டீம்! ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் நிறத்தை எண்ணாக அளந்து, கணினி சாயத்தைக் கிராம் சுத்தமாக டோசிங் செய்தால், பெரும்பாலும் முதல் தடவையே ஷேடு பிடிபடும். லாட் முழுவதற்கும் இரண்டாம் தண்ணீர் மிச்சம். முதலாளிக்கும் லாபம், ஆற்றுக்கும் லாபம்.

இத்தோடு கைதட்டிவிட்டுக் கலைந்துவிடலாமா? கூடாது. நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் இயந்திரம் வந்தால் நிலக்கரிப் பயன்பாடு கூடத்தான் செய்யும் என்று 1865-லேயே எழுதினார் ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர். செலவு குறைந்தால் உற்பத்தி பெருகும்; மிச்சம் பிடித்ததைப் பெருக்கம் விழுங்கிவிடும். கிலோவுக்குப் பாதி குறைத்தோம் என்கிறீர்கள், சந்தோஷம். பத்து மிஷின் முப்பதாகியிருந்தால்? நிலத்தடி நீருக்குக் கிலோக் கணக்குத் தெரியாது ஐயா, மொத்தக் கணக்குதான் தெரியும்!

அதிக மாசு உண்டாக்கும் தொழில்கள் ஆன்லைன் கருவி பொருத்தி மாசு அளவுகளை அனுப்ப வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-ல் உத்தரவிட்டது. கருவி வாரியத்தோடு பேசுகிறது. ஊரோடும் பேசட்டும். ஆண்டுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு, எவ்வளவு விறகு என்ற மொத்தக் கணக்கை ஒவ்வொரு நிறுவனமும் தமிழில் எழுதி வாசலில் ஒட்டட்டும். எண்கள் உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. வழக்குப் போட்ட விவசாயி வந்து படித்துப் பார்த்துத் தலையாட்டினால், அதைவிடப் பெரிய சான்றிதழ் எந்த பையரும் தர முடியாது.