உடலைக் கேட்டுப் பாடியவர்

(அம்மையார்குப்பம் காலனியில் நடந்த கத்தர் நினைவுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



2023 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஐதராபாத்தில் கத்தர் செத்துப்போனார். மறுநாள் லால்பகதூர் ஸ்டேடியத்திலிருந்து அல்வால் வரைக்கும் ஜனம் அவர் பின்னாலேயே போனது. வழியில் கன் பார்க் தியாகிகள் ஸ்தூபி, டாங்க் பண்ட் அம்பேத்கர் சிலை. அல்வாலில் ஏழைப் பிள்ளைகளுக்காக அவரே ஆரம்பித்த மகாபோதி பள்ளி மைதானத்தில் பௌத்த முறைப்படி புதைத்தார்கள். அந்தக் கூட்ட நெரிசலில் ‘சியாசத்’ உருதுப் பத்திரிகையின் ஜாகிருதீன் அலிகான் மயங்கி விழுந்து இறந்தார். சிநேகிதனை வழியனுப்பப் போன மனிதர், அவருக்கும் அன்றைக்கே முடிந்துபோச்சு.

அடக்கம் அரசு மரியாதையோடு நடந்தது. இதைத்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

1997 ஏப்ரல் 6ஆம் தேதி வீட்டுக்கே வந்து அவரைச் சுட்டார்கள். பின்னால் போலீஸ் இருந்தது என்று அவரே குற்றஞ்சாட்டினார். ஒரு குண்டை மட்டும் டாக்டர்களால் எடுக்க முடியவில்லை. முதுகெலும்பில் தங்கிவிட்டது. இருபத்தாறு வருஷம் அந்தக் குண்டைச் சுமந்துகொண்டே சலங்கை கட்டி ஆடினார். அதோடுதான் புதைந்தார். அந்த உடம்புக்குத்தான் காக்கிச்சட்டை மரியாதை. ஒரு நக்சலைட்டுக்கா அரசு மரியாதை என்று அங்கே சிலர் எதிர்த்தார்கள். நம் தோழர்களில் சிலரும் எதிர்த்தார்கள், வேறு காரணத்துக்காக. இரண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டார்கள் என்றே நான் கருதுகிறேன்.

கத்தர் சுடப்பட்ட காலத்தில் அவர் முன்வைத்த கோரிக்கை என்ன? என்கவுன்டரில் கொன்ற பிள்ளைகளின் உடலைப் பெற்றவர்களிடம் கொடு என்பது. போலீஸ் சுடும், அடையாளம் தெரியாத பிணம் என்று எழுதும், தானே எரித்துவிடும். தாய்க்குச் சாம்பல்கூடக் கிடையாது. கத்தர் அந்தத் தாய்மார்களைக் கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். அழுவதற்கு ஒரு உடல் கேட்டார். நிலம் கேட்டவனைச் சுடலாம், கூலி கேட்டவனைச் சுடலாம். பிணம் கேட்டவனுக்கும் குண்டுதான் என்றால் இந்த அரசு எதற்குப் பயப்படுகிறது என்று யோசியுங்கள்.

இது ஆந்திராவோடு முடிந்த கதை இல்லை. 2020 செப்டம்பரில் ஹத்ராசில் என்ன நடந்தது? குடும்பத்தை வீட்டுக்குள் அடைத்துவிட்டு அந்தப் பெண்ணின் உடலை நடுராத்திரிக்கு மேல் போலீசே எரித்தது. பக்கத்திலேயே பார்ப்போம். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி நாராயணபுரத்தில் சுடுகாட்டுக்குப் போக வழி விடவில்லை. பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி உடலைக் கீழே இறக்கினார்கள். அந்த வீடியோவைப் பார்க்காதவர் இங்கே இருக்கமாட்டீர்கள். செத்த பிறகும் பாதை கேட்டுக் கையேந்துகிற ஜனத்துக்குத் துக்கம் என்பது சொந்த விஷயம் மட்டும் இல்லை. அது உரிமை.

தெலுங்குக்காரருக்கு நமக்கென்ன கூட்டம் என்று ஒரு அண்ணன் கேட்டாராம். 1960 வரைக்கும் திருத்தணி சித்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. ம.பொ.சி. போராடினார், படாஸ்கர் கோடு போட்டார், நாம் இந்தப் பக்கம் வந்தோம். சேரி இரண்டு பக்கமும் ஊருக்கு வெளியேதான் இருந்தது, எந்தப் பக்கத்துச் சர்க்காரும் அதைக் கோடு போட்டு மாற்றவில்லை. இங்கே பாதி வீட்டில் அப்பாவை நைனா என்றுதானே கூப்பிடுகிறோம்? நகரிப் பக்கம் வேலைக்குப் போன என் நைனா கொண்டுவந்த கேசட்டில்தான் நான் கத்தரின் குரலை முதலில் கேட்டேன். வார்த்தை பாதி புரியாது. ஆனால் எங்க ஆயா கேட்டதும் சொன்னது, “இது சாவு வூட்டுப் பாட்டுடா.”

ஆயா சொன்னது சரி. தெலங்கானாப் பெண்கள் நாற்று நடும்போது பாடுகிற மெட்டு, பதுகம்மாப் பாட்டு, புர்ரகதை எல்லாவற்றையும் எடுத்தாண்டவர் அவர். ஆனால் அடியில் ஓடுவது ஒப்பாரி. நம் கிழவிகள் எப்படி ஒப்பு வைப்பார்கள்? செத்தவனை உறவு சொல்லிக் கூப்பிடுவாள். கேள்வி கேட்பாள். நடுவில் பாட்டை நிறுத்தி வெறும் பேச்சாகச் சண்டை போடுவாள், மறுபடி ராகத்தை எடுப்பாள். சுற்றியிருக்கிற பெண்கள் வாங்கிப் பாடுவார்கள். கத்தர் மேடையில் செய்ததும் இதுதான். தோளில் கம்பளி, கையில் கோல், காலில் சலங்கை, திறந்த மார்பு. பாடிக்கொண்டே இருப்பார், சட்டென்று நிறுத்தி அண்ணா, சின்னம்மா என்று எதிரே இருப்பவரைக் கூப்பிட்டுப் பேசுவார். பின்பாட்டுக்காரர்கள் தப்பட்டையோடு பிடித்துக்கொள்வார்கள். 1985 ஜூலையில் காரம்சேட்டில் நம் ஜனங்களை வெட்டிப் போட்டபோது அதைப் பாட்டாக்கினார். அதற்கப்புறம் தலைமறைவு. 1990இல் வெளியே வந்து ஐதராபாத் நிஜாம் காலேஜ் மைதானத்தில் பாடியபோது லட்சக்கணக்கில் கூடினார்கள்.

ஒரு தமாஷ். இந்தப் பெரிய மனிதர் கனரா வங்கியில் கிளார்க்காக இருந்தவர். 1984இல் ராஜினாமா செய்துவிட்டார். நானும் வங்கி கிளார்க்குதான். இன்னும் ராஜினாமா செய்யவில்லை, வீட்டுக்கடன் இருக்கிறது. (சிரிப்பு)

கடைசிக் காலத்தில் கோவிலுக்குப் போனார், 2018இல் முதல்முறையாக ஓட்டுப் போட்டார், 2023 ஜூலையில் கம்மம் மேடையில் ராகுல் காந்தியைக் கட்டிப்பிடித்தார் என்று விமர்சனம். கோவிலுக்குப் போனது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் ‘தீண்டாத வசந்தம்’ எழுதிய கல்யாண ராவ், வரவர ராவ் இவர்களோடு 2004 பேச்சுவார்த்தைக்குத் தூதராக நின்று, அது முறிந்ததையும் கண்ட மனிதர், வேறு கதவுகளைத் தட்டிப் பார்த்தார். அரசு என்ன செய்தது? அவர் வாங்க மறுத்த நந்தி விருதின் இடத்தில் அவர் பெயரிலேயே சினிமா விருதை வைத்து 2025இல் கொடுத்தது. மறுத்தவன் செத்தபிறகு அவன் பெயரை வைத்துக்கொள்வது சுலபம்.

இங்கே பறை அடிப்பதா வேண்டாமா என்று காலையில் பசங்களுக்குள் வாக்குவாதம். ஊர்ச் சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று நம் பெரியவர்கள் அடி வாங்கி நிறுத்திய பறை, அதை மறுபடி சாவுக்கு எடுக்கலாமா என்பது ஒரு பக்கம். நியாயமான கேள்வி. எவன் செத்தாலும் போய் அடி என்பது அடிமை வேலை. நம்ம ஆளுக்கு நாமே அடிப்பது வேறு. கே.ஏ. குணசேகரன் 2016 ஜனவரி 17இல் இறந்தார். அதே நாளில்தான் ஐதராபாத்தில் ரோகித் வெமுலாவும். அந்த இரண்டு பேருக்கும் அடிக்காமல் வேறு யாருக்கு அடிப்பது? ஆகவே அடியுங்கள். கூலி வாங்காதீர்கள், குடிக்காதீர்கள், அவ்வளவுதான்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். இந்தக் காலனியில் ஒப்பு வைக்கத் தெரிந்த ஆயாக்கள் நாலைந்து பேர்தான் இருக்கிறார்கள். செல்போனில் பதிவு செய்யுங்கள். சாவு வீட்டில் செய்யாதீர்கள், சும்மா இருக்கும்போது கேளுங்கள், முதலில் வெட்கப்படுவார்கள், பிறகு பாடுவார்கள். தெலுங்கு கலந்து பாடினால் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். தெலுங்கு படிக்கத் தெரிந்தவர்கள் கத்தரின் பாட்டுகளைத் தமிழில் எழுத ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இங்கேயே வாருங்கள். நோட்டு நான் கொண்டுவருகிறேன்.