ஓட்டுக்கு வீட்டுக்கு வருகிறீர்கள். உதவித்தொகைக்கு 'நேரில் வா' என்கிறீர்கள்!



போன திங்கட்கிழமை நம் தாலுகா அலுவலகத்தில் நடந்ததைச் சொல்லாமல் வேறு பேச எனக்கு மனம் வரவில்லை. போலியோவில் இரண்டு காலும் சூம்பிப்போன அக்கா ஒருவர். கைகளில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, கழுத்தில் மஞ்சப்பையைத் தொங்கவிட்டு, மாடிப்படியில் தவழ்ந்து ஏறுகிறார். மூன்று மாதமாக உதவித்தொகை வரவில்லை. மேலே உட்கார்ந்திருந்தவர் சொல்கிறார்: "வாழ்நாள் சான்று வரலியேம்மா. நீங்க உயிரோட இருக்கீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? நேர்ல வந்து காட்டணும்ல!"

நேரில் வா! மருத்துவச் சான்றுக்கு நேரில் வா. அடையாள அட்டைக்கு நேரில் வா. கைரேகை விழவில்லை, மறுபடியும் நேரில் வா. தொழுநோயில் விரல் மழுங்கியவரிடம் ரேகை கேட்கிறீர்களே, நெஞ்சில் ஈரமே இல்லையா?

கேட்டால், "நேரில் பார்க்காவிட்டால் போலிகள் புகுந்துவிடுவார்கள்" என்கிறார்கள். சூம்பிய கால் வருடத்துக்கு ஒருமுறை துளிர்க்குமா ஐயா, வந்து காட்டுவதற்கு? (சிரிப்பு)

நேரில் வரச் சொல்கிறீர்களே, வர வழி இருக்கிறதா? 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 2017 ஜூனில் விதிகள் வந்தன. அதிலிருந்து ஐந்தாண்டுக்குள் பழைய அரசுக் கட்டடங்களையும் மாற்றுத்திறனாளிகள் வந்துபோக ஏற்றபடி மாற்றியிருக்க வேண்டும். கெடு 2022 ஜூனிலேயே முடிந்தது. சட்டத்தை மீறியவர் தவழ்ந்து வந்தவரா, சாய்தளம் கட்டாதவரா? மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 வந்தால் மட்டும் சக்கர நாற்காலி வழங்கும் விழா! அந்த விழா மேடைக்கும் சாய்தளம் கிடையாது. பயனாளியை நான்கு பேர் தூக்கி ஏற்றுகிறார்கள், போட்டோ எடுக்க!

இத்தனை அலைச்சலும் எவ்வளவு பணத்துக்கு? தமிழ்நாட்டில் 2023 ஜனவரியில் மாதம் 1,000 ரூபாயை 1,500 ஆக்கினார்கள். டெல்லியில் மத்திய அரசில் இருப்பவர்களோ 80 சதவீத ஊனமும் வறுமைக்கோட்டுப் பட்டியலும் கேட்டு, 2012-இல் வைத்த 300 ரூபாயிலேயே நிற்கிறார்கள். பக்கத்து ஆந்திராவில் 2024-இலேயே 6,000 ஆக்கிவிட்டார்கள். இங்கே வருகிற பணத்தில் பாதியை, நேரில் போய்வரும் ஆட்டோவுக்குக் கொடுக்கிறோம்.

வீட்டுக்கு வர ஆளில்லை என்கிறார்களா? 2024 நாடாளுமன்றத் தேர்தலில் 40 சதவீத ஊனம் உள்ளவர்கள் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம் என்றார்கள். 12டி படிவம் கொடுத்தவர் வீட்டுக்கு அதிகாரிகள் வந்தார்கள், போலீஸ் வந்தது, வீடியோ கேமரா வந்தது. மாவட்டத் தேர்தல் அதிகாரி யார்? இதே கலெக்டர்தானே! ஓட்டுப் பெட்டியோடு வந்த கால்கள் ஒரு கையெழுத்து வாங்க வராதா? வழி தெரிந்த வீடுதானே! (கைதட்டல்)

நாம் சலுகை கேட்கவில்லை. படியேற முடியாதவர் வீட்டுக்கு வருடம் ஒருமுறை கிராம நிர்வாக அலுவலர் போகட்டும். அவர் போகாத குற்றத்துக்கு ஒருவரின் உதவித்தொகையையும் நிறுத்தாதீர்கள். நிறுத்திய மூன்று மாதப் பணத்தை அந்த அக்காவுக்கு உடனே கொடுங்கள்.

வரும் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் வாருங்கள். உங்கள் தெருவில் வர முடியாதவர் இருந்தால், அவர் மனுவை எழுதி வாங்கி வாருங்கள். பதில் கிடைக்கும்வரை அங்கிருந்து கலைய மாட்டோம்!